கார்த்திகைக்குப் பின் மழை இல்லை என்றார் அப்பா. தை மாதம் நெல் கதிரிலேயே முளைத்தது. இனி எதைப் பார்த்து விதைப்பது?

கேள்வி: புழுதிக்காட்டான்

எல்லோருக்கும் வணக்கம். ராமநாதபுரம் மாவட்டம், முதுகுளத்தூருக்குக் கிழக்கே எங்கள் ஊர். நிலம் மூன்றரை ஏக்கர். கண்மாய்ப் பாசனம் என்று பெயர். ஆனால் கண்மாய் நிறைந்து நான் பார்த்த வருடங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம், அதனால் மானாவாரி என்றே வைத்துக்கொள்ளுங்கள். பதினாறு வருடம் சவூதியில் லாரி ஓட்டிவிட்டு 2019-இல் ஊர் திரும்பினேன். அப்பாவோடு ஒரே ஒரு வெள்ளாமைதான் பார்க்கக் கொடுத்துவைத்தது. அறுப்பு முடிந்த மாசியில் அவர் தவறிவிட்டார்.

அவர் போட்டது நொறுங்கன் நெல். ஆவணியில் புழுதி உழவு, புரட்டாசியில் காய்ந்த மண்ணிலேயே விதைப்பு. விதையைத் தூவிவிட்டு நாட்டுக் கலப்பையால் ஆழமாக மூடுவார். டிராக்டர் வேண்டாம் என்று அடம்பிடிப்பார். "தூத்தலுக்கு முளைச்சிரக் கூடாதுப்பா, உழவு மழைக்குத்தான் முளைக்கணும்" என்பார். முற்றத்தில் பழைய ஆட்டுரல் ஒன்று கிடக்கிறது. மழை விட்டதும் முதல் வேலையாக அந்தக் குழியில் விரலை விட்டு எத்தனை கணு நனைகிறது என்று பார்ப்பார். அப்புறம் வயலுக்குப் போய் கையால் பள்ளம் பறித்து, ஈரம் எதுவரை இறங்கியிருக்கிறது என்று தொட்டுப் பார்ப்பார். கீழ் மண்ணில் ஒரு பிடி எடுத்து உருட்டி, உருண்டை நின்றால் சரி, உதிர்ந்தால் "பத்தாது" என்று திரும்பிவிடுவார்.

மறு வருடம், அதாவது 2020-இல், அவர் செய்ததை ஒன்றுவிடாமல் செய்தேன். குலுக்கையில் (விதை சேமிக்கும் மண் குதிர்) இருந்த விதை முழுவதையும் எடுத்து விதைத்தேன். (அவர் எப்போதும் பாதிதான் எடுப்பார். அது அவருடைய கைச்சிக்கனம் என்று நினைத்துக்கொண்டேன்.) அந்த வருடம் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டது என்று அறிவிக்கவே அக்டோபர் 28 ஆகிவிட்டது. விதை அதுவரை புழுதியிலேயே கிடந்தது, பிறகு அழகாக முளைத்தது. டிசம்பர் தொடக்கத்தில் புரெவி புயல் மன்னார் வளைகுடாவில் நகராமல் நின்றதே, அப்போது எங்களுக்கு நல்ல தண்ணீர். ஊரில் எல்லோரும் என் வயலைக் காட்டி, அப்பன் கை அப்படியே வந்திருக்கிறது என்றார்கள்.

பொங்கலுக்கு ஒரு வாரம் முன்னால் பிடித்தது மழை. "கார்த்திகைக்குப் பின் மழையும் இல்லை, கர்ணனுக்குப் பின் கொடையும் இல்லை" என்று அப்பா எத்தனை தடவை சொல்லியிருப்பார்! 2021 ஜனவரியில் அந்தச் சொல்லைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போய்விட்டது. கதிர் சாய்ந்து நீரில் படுத்தது. மழை விட்டு நான் வயலில் இறங்கி ஒரு கதிரைத் தூக்கினால் பத்துக் கதிர் சேர்ந்து வந்தது. ஒவ்வொரு நெல்லிலும் முளை விட்டு, வெள்ளை வேர்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. பார்க்கப் பசேலென்று நாற்றங்கால் மாதிரி இருந்தது. கீழே கிடந்தது என் வெள்ளாமை. விதைக்கு என்று ஒரு படிகூடத் தேறவில்லை. அப்பா முப்பது வருடத்துக்கு மேல் காப்பாற்றிய விதை என் கையில் ஒரே வருடத்தில் போனது. அதைத்தான் என்னால் இன்றுவரை தாங்க முடியவில்லை.

அதற்குப் பிறகு கடையில் ஆர்என்ஆர் என்ற புது ரக நெல் விதை வாங்கிப் போடுகிறேன். ஒரு வருடம் சரி, ஒரு வருடம் கருகல்.

போன மாதம் ஒரு விவசாயக் கூட்டத்தில் ஒருவர் "முன்னோர் அறிவுதான் பருவநிலை மாற்றத்துக்கு மருந்து" என்று பேசினார். அடுத்து வந்தவர் "பழமொழியைத் தூக்கிப்போடுங்கள், செல்போனில் வானிலை பாருங்கள்" என்றார். இரண்டு பேரும் பேசிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார்கள். நான் என் வயலுக்குத்தானே திரும்பி வர வேண்டும்? அப்பாவிடம் இருந்ததில் எது இன்னும் செல்லும், எது செல்லாது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள். நொறுங்கன் விதை யாரிடமாவது இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

பதில் 1: களத்துமேடு

தம்பி, வேளாண் துறையில் முப்பது வருடம் உங்கள் பக்கத்துக் கிராமங்களில்தான் சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் சுற்றினேன். உங்கள் அப்பா வயதுக்காரர்களிடம் கற்றுக்கொண்டது நிறைய. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் பழமொழி. உங்கள் மாவட்டத்தின் வருட சராசரி மழை ஏறக்குறைய 827 மில்லிமீட்டர். அதில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை. பல தலைமுறை அதைப் பார்த்துப் பார்த்து, கார்த்திகை கழிந்தால் பெரிய மழைக்கு வாய்ப்பு குறைவு என்று ஒரு வரியில் கட்டிவைத்தார்கள். அது அந்தக் காலத்துச் சராசரி. கடல் சூடேறி, மழை பெய்யும் நாட்கள் குறைந்து, பெய்தால் கொட்டுகிறது என்றாகும்போது சராசரியைச் சொல்லும் பழமொழிதான் முதலில் பொய்க்கும். 2016-இல் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்தது. நாலு வருடம் கழித்து, காய வேண்டிய ஜனவரியில் வெள்ளம். இந்த இரண்டுக்கும் பொருந்துகிற மாதக்கணக்கு யாரிடமும் கிடையாது.

இப்போது நீங்கள் அடைப்புக்குறிக்குள் எழுதிவிட்டுக் கடந்துபோன இடத்துக்கு வருகிறேன். அப்பா பாதி விதைதான் எடுப்பார் என்றீர்களே. அது சிக்கனம் இல்லை, தம்பி. விதைத்தது மொத்தமும் போனாலும் மறு வருடம் கையேந்தாமல் விதைக்க அவர் போட்டுவைத்த காவல் அது. 2016 பஞ்சத்தில் உங்கள் மாவட்டத்தில் எத்தனையோ வயல்கள் முளைத்துக் கருகின. அதற்கப்புறமும் உங்கள் வீட்டில் நொறுங்கன் இருந்தது என்றால் குலுக்கையில் இருந்த அந்தப் பாதியால்தான் இருந்திருக்க வேண்டும். உங்களைக் குற்றம் சொல்லவில்லை. ஒரே ஒரு வெள்ளாமையில் யாரால் எல்லாவற்றையும் கற்றுக்கொள்ள முடியும்? அவர் வாயால் சொன்னது பழமொழி. இது கையால் செய்தது. கையால் செய்ததைக் கூட இருந்துதான் பார்க்க முடியும்.

ஆழமாக மூடுவதும் அப்படித்தான். மேலாக விழுந்த விதை 5, 10 மில்லிமீட்டர் தூறலுக்கே கண் விழித்துவிடும், பிறகு பத்து நாள் வெயிலில் செத்துவிடும். நாலைந்து சென்டிமீட்டர் கீழே இருக்கும் விதைக்கு அந்த ஈரம் எட்டாது. பயிரைத் தாங்கும் அளவு மழை பெய்தால்தான் அது முளைக்கும். பருவத்துக்கு முன் விதைப்பவர்களுக்கு ஆராய்ச்சி நிலையங்கள் சொல்வதும் இதேதான். மழை எந்தத் தேதியில் தொடங்கினாலும் இது செல்லும், ஏனென்றால் இதில் காலண்டர் இல்லை. மண் ஈரம்தான் தீர்மானிக்கிறது.

விதையைப் பற்றியும் ஒன்று. நொறுங்கனையும் நூற்றிப்பத்தையும் பழங்கால ரகம் என்று ஒதுக்கியவர்களை எனக்குத் தெரியும். ஆனால் வறட்சியைத் தாங்கும் மரபணுப் பகுதிகள் எங்கே இருக்கின்றன என்று தேடிய விஞ்ஞானிகள் இந்த இரண்டையும்தான் பெற்றோராக வைத்துக் கலப்புச் செய்தார்கள். இன்று வெள்ளம் தாங்குகிறது என்று டெல்டாவில் போடுகிறார்களே சிஆர் 1009 சப் 1, அதில் இருக்கும் சப் 1 மரபணு ஒடிசா விவசாயிகள் வைத்திருந்த நாட்டு ரகத்திலிருந்து வந்தது. அந்த ரகத்தில் தேர்ந்தெடுத்த எஃப்ஆர் 13ஏ என்ற நெல் இரண்டு வாரம் முழுகிக் கிடந்தாலும் பிழைக்கும். 2006-இல் அந்த மரபணுவை அடையாளம் கண்டார்கள். ஒடிசாக் குடியானவர் அந்த விதையை விட்டிருந்தால் கண்டுபிடிக்க அங்கே எதுவும் இருந்திருக்காது.

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. நொறுங்கன் வறட்சிக்காரன். அறுப்பு நேரத்து மழைக்கு அவனிடம் பதில் இல்லை. உயரமாக வளரும், சாயும். அதனால் மூன்றரை ஏக்கரிலும் அதையே போடாதீர்கள். ஒரு பங்கு நொறுங்கன், ஒரு பங்கு குறுகிய வயதுள்ள புது ரகம், விதைப்பை இரண்டு தவணையாக. விதையை ஒரு சதவீதப் பொட்டாசியம் குளோரைடு கரைசலில் ஓர் இரவு ஊறவைத்து, நிழலில் பழைய எடைக்கு உலர்த்தி விதைத்தால் புழுதியில் இன்னும் கொஞ்சம் தாங்கும். செல்போன் முன்னறிவிப்பையும் பாருங்கள், ஆட்டுரலையும் விடாதீர்கள். முன்னறிவிப்பு வட்டாரத்துக்குச் சொல்கிறது. உங்கள் முற்றத்தில் என்ன விழுந்தது என்று உரல்தான் சொல்லும்.

பதில் 2: மறுகால்கரை

நான் தூத்துக்குடி மாவட்டம், தாமிரபரணிக் கால்வாய்ப் பக்கம். எங்கள் தாத்தா குளத்துக்கு நீர்பாய்ச்சி. மடை திறப்பது, வயலுக்கு வயல் தண்ணீர் விடுவது, கரையைக் காப்பது எல்லாம் அவர் பொறுப்பு. கூலி பணம் கிடையாது, அறுப்பில் களத்துக்கு இத்தனை மரக்கால் நெல். அவருக்குச் சொந்தமாக அந்த ஆயக்கட்டில் ஒரு சென்ட்கூட நிலம் இல்லை. அதனால்தான் யாருக்கும் கூடக் குறைய விடமாட்டார் என்று ஊர் நம்பியது.

எங்கள் குளத்தின் மறுகாலில் வரிசையாகக் கல்தூண்கள் நிற்கும். மழைக்காலம் முழுக்க அந்த இடைவெளி திறந்தே கிடக்கும், மிஞ்சின தண்ணீர் வழிந்து அடுத்த குளத்துக்குப் போகும். மழை முடியப்போகிறது என்று தெரிந்த பிறகுதான் தூண்களுக்கு நடுவே பலகை போட்டு, புல்கட்டியும் களிமண்ணும் வைத்து அடைப்பார்கள். கடைசித் தண்ணீரை ஒரு முழம் கூடுதலாகப் பிடித்துவைக்க. அடைக்கும் நாளைத் தவறவிட்டால் கோடைக்குத் தண்ணீர் இல்லை. முந்தி அடைத்துவிட்டுப் பிறகு மழை பிடித்தால் கரை போய்விடும்.

2023 டிசம்பர் 17, 18. தமிழ்க் கணக்கில் மார்கழி பிறந்த கையோடு. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். நம் வாழ்நாளில் கேள்விப்படாத மழை. எங்கள் பக்கத்துக் குளம் ஒன்றில் கார்த்திகை முடிந்தது என்று முன்னமே அடைத்துவிட்டார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு அதைப் பிடுங்க ஆள் போக முடியவில்லை. கரை உடைந்தது.

எங்கள் குளத்துக்கு இப்போது நீர்பாய்ச்சி என் மாமா. அவர் இன்னும் அடைக்கவில்லை. ஏன் என்று பிற்பாடு கேட்டேன். "கொண்டல் இன்னும் நிக்கலையே. வாடை கிளம்பி, பனி இறங்கணும்லா? அப்பத்தானே அடைக்கணும்" என்றார். அவர் மாதத்தைப் பார்க்கவில்லை, காற்றைப் பார்த்திருக்கிறார். தாத்தாவும் அப்படித்தான். இந்த இடத்தில்தான் களத்துமேடு ஐயா சொன்னது எனக்குப் பளிச்சென்று புரிந்தது.

சரி, அப்படியானால் எங்கள் குளம் தப்பித்ததா என்றால், கரை தப்பியது, ஊர் தப்பவில்லை. மறுகாலில் இறங்கிய தண்ணீருக்குப் போக வழி இல்லை. மறுகால் ஓடை இருந்த இடத்தில் பாதை போட்டு, இரண்டு பக்கமும் வீடு கட்டி இருபது வருடம் ஆகிறது. தாத்தா இருந்த காலத்தில் அந்த ஓடையில் யாராவது முள்வேலி போட்டாலே கம்போடு போய் நிற்பார். இன்று அந்தக் கம்புக்கு மரியாதை இல்லை, மாமாவுக்கு நெல்லும் யாரும் அளப்பதில்லை. ஓடை எங்கே போகிறது என்று அவருக்கு அடி அடியாகத் தெரியும். பாதை போட்டபோது அவரை ஒரு வார்த்தை கேட்டவர்கள் இல்லை. எனக்கு இதில்தான் ஆத்திரம். முன்னோர் அறிவு என்று மேடையில் பேசுகிறவர்கள், அதை வைத்திருக்கிறவர் உயிரோடு பக்கத்துத் தெருவில் இருக்கிறார் என்பதைப் பார்ப்பதில்லை. வெள்ளம் வடிந்த மறுநாள் மாமாதான் ஊர்க்காரர்களைக் கூட்டிக்கொண்டு போய், எந்த இடத்தில் வெட்டிவிட்டால் தண்ணீர் இறங்கும் என்று காட்டினார். மூன்று இடம் காட்டினார், மூன்றிலும் இறங்கியது.

அண்ணே, உங்கள் ஊர்க் கண்மாயில் நீர்பாய்ச்சி யாராவது இருக்கிறாரா? இருந்தால் அவரோடு வரத்துக்கால், அதாவது கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வாய்க்கால், முழுக்க ஒரு தடவை நடந்துவிட்டு வாருங்கள். கண்மாய் நிறையாததற்கு மழை மட்டுமே காரணமாக இருக்காது. 2017-இல் குடிமராமத்து (ஊர்க்காரர்களைச் சேர்த்து நீர்நிலைகளைச் சீர்செய்யும் பழைய முறை) என்று அரசு மறுபடி தொடங்கியபோது பல ஊரில் கண்மாய்க்குள் மண் எடுத்தார்கள், வரத்துக்காலைத் தொடவில்லை. வாய்க்கால் சீமைக்கருவேலத்தால் அடைபட்டிருந்தால் வயிறு எவ்வளவு ஆழமாக இருந்து என்ன பயன்?

பதில் 3: குளத்தடியான்

வவுனியாவிலிருந்து எழுதுகிறேன். மேலே உள்ள தம்பி சொன்ன முறை எங்கட வன்னிக் குளங்களிலும் உண்டு, சொற்கள்தான் வேறு. மடையை நாங்கள் துருசு என்போம், மறுகாலை வான் என்போம்.

காலபோக (மாரிகாலப் பயிர்) மழை பிழைத்துக் குளம் அரைவாசியில் நின்றால், அடுத்து வரும் சிறுபோகத்துக்கு (கோடைப் பயிர்) ஊர்க்கூட்டம் வைத்து, குளத்துக்குக் கிட்ட உள்ள வயல்களை மட்டும் விதைக்கத் தீர்மானிப்பது இங்கே பழைய வழக்கம். தூரத்து வயல்காரருக்கும் அதற்குள்ளே ஒரு பங்கு பிரித்துக் கொடுப்பார்கள். சிங்களவர் இதைப் 'பெத்ம' என்பர். யாருடைய காணி என்பது அந்தப் போகத்துக்கு மட்டும் ஒதுக்கி வைக்கப்படும். உலர் வலயத்தின் இந்தத் தொடர்குள முறையை ஐ.நா. உணவு விவசாய அமைப்பு 2017-இல் உலக வேளாண் மரபுப் பட்டியலில் சேர்த்தது. இருக்கிற தண்ணிக்கு அளவாய் நிலத்தைச் சுருக்கினால் எல்லாருக்கும் கொஞ்சம் நெல் மிஞ்சும் என்பதை எங்கட ஆட்கள் பட்டுத்தான் அறிந்தவர்கள். உங்கட ஊரில் பேசிப் பார்க்க முடியுமோ தெரியாது, கேட்டுப் பாருங்கள்.

பதில் 4: உப்பங்காத்து

தம்பி, நான் வேதாரண்யம் பக்கம். உன் பதிவில் கதிர் முளைத்துக் கிடந்ததை வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் செய்யத் தோன்றவில்லை. 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் எங்கள் தலைக்கு மேல்தான் கரை கடந்தது. தென்னை எல்லாம் முறிந்து கிடந்தது, வேலியோரத்துப் பனை மட்டும் நின்றது. கடல் தண்ணீர் ஏறிய வயலில் நாங்கள் மறுபடி போட்டது குடவாழை. ஆழிப்பேரலைக்குப் பிறகும் எங்கள் மாமியார் அதைத்தான் போட்டார். உப்பு மண்ணில் வரும் நெல் அது.

எனக்கு அந்த விதை திரும்பக் கிடைத்ததே ஆதிரெங்கம் நெல் திருவிழாவில்தான். நாட்டு நெல் ரகங்களைத் தேடிக் காப்பாற்றிய நெல் ஜெயராமன் ஐயா இரண்டு கிலோ கொடுப்பார், அடுத்த வருடம் நாலு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். கஜா அடித்த மூன்றே வாரத்தில் அவரும் போய்விட்டார். அந்த நாலு கிலோவை அந்த வருடம் என்னால் கொடுக்க முடியவில்லை. அடுத்த வருடம் பக்கத்து ஊர்ப் பெண்கள் நாலு பேருக்கு ஆளுக்கு இரண்டு கிலோவாகப் பிரித்துக் கொடுத்தேன்.

உனக்கு ஒன்று சொல்லித் தருகிறேன். உன் அம்மாவுக்கும் தெரிந்திருக்கும், கேட்டுப் பார். விதை நெல்லை அறுப்பன்று எடுக்கக் கூடாது. பத்து நாள் முன்னாலேயே வயலில் இறங்கி, நோய் இல்லாத, மணி நிறைந்த கதிராகப் பார்த்து, காம்பு மஞ்சள் திரும்பியதும் கையால் அறுத்து வந்துவிட வேண்டும். வீட்டில் காயவைத்து, பனி இறங்கும் நாளில் ஒரு ராத்திரி பனி காட்டி, மறுபடி வெயில் காட்டி, நொச்சி இலை போட்டு வைக்கோல் பிரியில் கோட்டை கட்டிவிடு. எங்கள் வீட்டில் இது பெண்கள் வேலை. ஆண்கள் இதைப் பார்த்திருக்கவே மாட்டார்கள். உன் அப்பா வைத்திருந்த விதையை யார் பொறுக்கி எடுத்தார்கள் என்று நீ எழுதவில்லை.

இப்படி எடுத்திருந்தால் அந்தத் தை மழை வயலைக் கெடுத்திருக்கும், விதையைக் கெடுத்திருக்காது. குலுக்கையில் வைக்கும் பாதியையும் இரண்டு வருடத்துக்கு மேல் வைக்காதே. நெல் உறங்கி உறங்கிச் செத்துவிடும். ஒவ்வொரு வருடமும் பழையதை விதைத்துப் புதியதை உள்ளே வை.

புழுதிக்காட்டான் (கேள்வி கேட்டவர்)

எல்லோருக்கும் நன்றி. பதிலைப் படித்துவிட்டு மூன்று நாள் எழுதவில்லை, செய்துவிட்டு எழுதலாம் என்றிருந்தேன்.

அக்கா சொன்னபடி அம்மாவிடம் கேட்டேன். "ஆமா, நான்தான் கதிர் பொறுக்குவேன். அந்த வருஷம் நீ கேக்கலை, அப்பா போன துக்கத்துல எனக்கும் ஓடலை" என்றார். ஐந்து வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறோம். அப்பாவின் அறிவு என்று நான் தேடிக்கொண்டிருந்ததில் பாதி அம்மாவிடம் இருந்திருக்கிறது.

எங்கள் கண்மாய்க்கு நீர்பாய்ச்சி இப்போது இல்லை. கடைசியாக இருந்தவரின் மகன் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறார், ஆடி கொடைக்கு வருவார். வந்தால் வரத்துக்காலில் கூட்டிக்கொண்டு நடக்கிறேன் என்று போனில் சொல்லியிருக்கிறார். வவுனியா ஐயா சொன்ன பங்கு முறையை ஊரில் இரண்டு பெரியவர்களிடம் பேசினேன். ஒருவர் சிரித்தார். இன்னொருவர், அவர் சின்னப் பையனாக இருந்தபோது ஒரு பஞ்ச வருடத்தில் மடை முகப்பில் மட்டும் நட்டது ஞாபகம் இருக்கிறது என்றார். அதைப் பிடித்துக்கொண்டு இன்னும் கேட்கப் போகிறேன்.

பரமக்குடி பக்கத்திலிருந்து ஓர் அண்ணன் தனிச்செய்தியில் எழுதி, நொறுங்கன் ஆறு படி தருகிறேன் என்றிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை போய் வாங்கி வருகிறேன். மூன்று படியைப் பத்து சென்டில் விதைக்கிறேன், மிச்ச நிலத்தில் குறுகிய வயது ரகம். மற்ற மூன்று படிக்கு அம்மா இன்று காலை குலுக்கையின் உள்பக்கத்தைச் சாணி மெழுகிக் காயவைத்துவிட்டார்.

களத்துமேடு ஐயா, ஒரு சந்தேகம். பத்து சென்டுக்கு டிராக்டர் விட முடியாது, நாட்டுக் கலப்பையும் மாடும் இப்போது எங்கள் ஊரில் இல்லை. மண்வெட்டியால் கோடு கீறி விதைத்து மூடினால் அதே ஆழம் கிடைக்குமா?